அரை அங்குல வாட்டம்

“துணிக்குக் கதவு எதுக்குட்டி? அது என்ன எந்திரிச்சு ஓடியா போவும்?”

இப்படிக் கேட்டபோது அத்தை என் அறையில், சுவர் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா. மம்சாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அலமாரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சுவருக்குள் மூன்று சிமெண்ட் பலகைகள், முன்னால் ஒரு பழைய சேலைத் திரை. அந்தத் திரையை விலக்கிப் பார்ப்பது அத்தையின் அன்றாட வேலைகளில் ஒன்று. அம்மாவிடம் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்து, எந்தச் சுடிதார் புதிது, எதைத் துவைக்காமல் மடித்திருக்கிறேன் என்று சத்தமாக அறிவித்துவிட்டுப் போவாள். ஆடிப்பூரத் தேருக்கு உடுத்த எடுத்து வைத்திருந்த என் பச்சைச் சேலை அந்தத் திரைக்குப் பின்னாலிருந்துதான் காணாமல் போனது. “இங்கதான் எங்கயாவது கெடக்கும்” என்று அம்மா முடித்துவிட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்த முதல் ஆள் நான். கணிதத்தில் முதுகலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவளுக்கு, நாலு உள்பாவாடையை ஊர் கண்ணில் படாமல் வைக்க இடமில்லை. மூடினால் மூடியபடி நிற்கும் ஒரு கதவு எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன். அலமாரிக் கதவில் இத்தனை சாதி இருக்கும் என்று அந்தக் கடைக்குள் நுழையும்வரை எனக்குத் தெரியாது. திறக்கிற கதவு, மடக்குகிற கதவு, கடை ஷட்டர் போல மேலே சுருள்கிற கதவு, பக்கவாட்டில் தள்ளுகிற கதவு. உள்ளே கம்பிக் கூடை, இழுப்பறை, துணி தொங்கவிட ஸ்டீல் கம்பி. அம்மா அந்தக் கம்பியையும் அதிலிருந்த கொக்கிகளையும் பார்த்துவிட்டு, “இது என்னத்தா, கறிக்கடையா?” என்றாள். பிறகு ஒவ்வொரு பலகையையும் தேங்காய் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தட்டி, “கரையான் திங்குமா? தண்ணி பட்டா ஊதுமா?” என்று இரண்டே கேள்வி கேட்டாள். கடைக்காரர் காட்டியதில் பாதி அந்தக் கேள்விகளில் அடிபட்டுப் போனது. மிஞ்சியது பிவிசி. என் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இடம் என்பதால் தள்ளுகிற கதவு.

“ஆள் வந்து அளவெடுப்பார் மேடம்” என்றார் கடைக்காரர்.

“வேண்டாம். நானே எடுத்துக்குவேன். நான் கணக்கு டீச்சர்.”

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டுக்கு வந்து அகலத்தை மூன்று முறை அளந்து, சராசரி கண்டு, மில்லிமீட்டரில் எழுதினேன். உயரத்தை மேற்குக் கோடியில் அளந்தேன். ‘தளம்: சமம் / சமமில்லை’ என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வீட்டுத் தளம் அப்பா கையால் போட்டது. அவர் கொத்தனார். அவர் போட்ட தளத்தைச் சமமா என்று கேட்பதே அவமரியாதை என்று நினைத்து, ‘சமம்’ என்பதில் டிக் அடித்தேன்.

இரண்டு வாரத்தில் கதவு வந்தது. வெள்ளை வெளேரென்று, பஞ்சு போல நகர்ந்தது. மூடினேன். ஒரு ராணியைப் போலத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ‘கடகட’ என்று ஒரு சத்தம். கதவுகள் இரண்டும் கிழக்கே, வாசல் பக்கமாக ஓடிப்போய் ஒன்றாக நின்றன. மேற்குப் பாதி அப்பட்டமாகத் திறந்து கிடந்தது. மறுபடி மூடினேன். மறுபடி ஓடின.

சத்தம் கேட்டு அத்தை வந்துவிட்டாள். “ஏ, கூப்பிடாமலே தொறந்து விடுதே! எம் மருமவளுக்குத் தெரியாத மரியாதை இந்தக் கதவுக்குத் தெரியுது பாரு” என்று சொல்லிவிட்டு, திரை விலக்கும் சிரமம்கூட இல்லாமல் எல்லாவற்றையும் பார்த்தாள்.

நான் கடைக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். மறுநாள் ஃபிட்டர் வந்தார். ஐம்பது வயது, அவசரமில்லாத மனிதர். கதவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தரையில் ரசமட்டத்தை வைத்தார். கண்ணாடிக்குள் இருந்த குமிழ் மேற்கே நகர்ந்தது.

“கதவு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. தரைதான்...” என்று அப்பாவைப் பார்த்து இழுத்தார்.

அடுத்தவர் முன்னால் அப்பாவின் தளத்தில் குற்றம் கண்டுபிடிக்க நானே ஆள் வரவழைத்திருக்கிறேன். அப்பா வேலைப் பையிலிருந்து தன் சொந்த ரசமட்டத்தை எடுத்து வந்தார். குந்தி உட்கார்ந்து, வைத்தார். பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தீங்களா! இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அரை இஞ்சு. அன்னைக்கு எம்புட்டு வாட்டம் குடுத்தனோ அம்புட்டும் அப்படியே நிக்கி! கழுவி ஊத்துனா ஒரு சொட்டு தங்காது.”

“அருமையா போட்டிருக்கீக அண்ணாச்சி” என்றார் ஃபிட்டர். இருவரும் தரையைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டார்கள். நான் ஒருத்தி நிற்பதே மறந்துபோனது.

கடைசியில் ஃபிட்டர் படிவத்தை விரித்தார். “சமம்னு எழுதியிருக்கே, எழுதுனது யாரு?”

அப்பா என்னைப் பார்த்தார். “ஏந்தாயி, போட்டவன் வீட்டுலதான இருக்கேன். ஒரு வார்த்தை கேக்கலாம்ல?”

சாய்வு என்ற பாடத்தை நான் வருடா வருடம் நடத்துகிறேன். பிறந்ததிலிருந்து ஒரு சாய்வின் மேல்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

அதன்பின் காரியம் சுலபமாக முடிந்தது. கிழக்கே அரை அங்குலம் உயர்ந்து மேற்கே ஒன்றுமில்லாமல் தேயும் ஒரு மரச்சட்டத்தை அப்பா இழைத்துக் கொடுத்தார். அதைக் கதவு ஓடும் கீழ்த் தண்டவாளத்துக்கு அடியில் வைக்கலாம் என்றபோது அம்மா குறுக்கே வந்தாள். “வெள்ளிக்கெழம வீடு கழுவுற தண்ணி அலமாரிக்குள்ள போனா எப்படி வெளிய வரும்?” அப்பா சட்டத்தின் அடியில் இரண்டு மடை வெட்டினார். மடை வைத்த அலமாரி எங்கள் தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கதவு மூடினால் மூடியபடி நின்றது. அத்தை இரண்டு நாள் அதற்கு முன்னால் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள், “எனக்கும் ஒண்ணு அளந்து குடுட்டி. பூட்டு வெச்சு” என்றாள்.

நேற்று டேப்பும் அப்பாவின் ரசமட்டமுமாக அத்தை வீட்டுக்குப் போனேன். அங்கேயும் மூன்று சிமெண்ட் பலகை, ஒரு திரை. விலக்கினேன். நடுப் பலகையில், போர்வைகளுக்குக் கீழே, என் பச்சைச் சேலை. அழகாக மடித்து, இஸ்திரி கூடப் போட்டிருந்தது.

“துணிக்குப் பூட்டு எதுக்குத்தே? அது என்ன எந்திரிச்சு ஓடியா போவும்?” என்றேன்.

அத்தை, “உன் வாய்க்குத்தாண்டி முதல்ல கதவு போடணும்” என்று சொல்லிவிட்டு, காப்பி போடப் போனாள்.

சேலையைக் கையில் எடுத்துக்கொண்டே மீதியை அளந்தேன். அந்தத் தளமும் அப்பா போட்டதுதான். ஆனால் வாட்டம் மேற்கே. அவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, படிவத்தை இன்று காலை கடைக்கு அனுப்பிவிட்டேன். தளம்: சமமில்லை, அரை அங்குலம். பூட்டு: வேண்டும்.