நீலத்தொட்டிக்கு ஆகாத கை

வேதியியல் படித்தவள் என்றுதான் என்னை அந்தச் சாயப்பட்டறையில் சேர்த்துக்கொண்டார்கள். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவுரி நீலத் துணி விற்கும் இடம். இந்தக் கரையிலிருந்து டச்சுக்காரன் கப்பலில் துணி ஏற்றிப்போன கதையை முதலாளி உருகி உருகிச் சொல்வார். அவுரி இலை ஊறிய நாற்றத் தண்ணீரில் இறங்கி நின்று அடித்துக் கலக்கியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதைச் சொன்னால் துணி விற்குமா?

அவுரியிலிருந்து எடுக்கும் நீலக் கட்டி வெறும் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு, வெல்லம், வேகவைத்த தகரை விதை எல்லாம் சேர்த்துத் தொட்டியைப் புளிக்கவிட வேண்டும். அதில் பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்ததும், நீலம் தன் நிறத்தை விட்டு மஞ்சள் பச்சையாகக் கரையும். முக்கி எடுத்த துணியும் பச்சையாகத்தான் வரும். வெளிக்காற்று பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். அதே காற்று தொட்டிக்குள் புகுந்தால் தொட்டி படுத்துவிடும். அதனால் நுரை வராமல் கலக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். முதலாளி ஆளுக்கொரு கழியைக் கொடுத்து, போட்டோவுக்காகக் கலக்கச் சொன்னார். தயிர் கடைவதுபோல் கடைந்தார்கள். "வேணாம் சார்" என்றேன். கண்ணாலேயே அடக்கினார்.

மறுநாள் தொட்டி முழுக்க நீலத் தண்ணீர். துணியில் பிடித்த சாயம் அலசியதும் போய்விட்டது. வெல்லமும் சுண்ணாம்பும் சேர்த்து மூடிவைத்து, சில நாள் யாரும் திறக்க வேண்டாம், தேறிவிடும் என்றேன்.

மாதவிலக்கான பெண்கள் தொட்டிப் பக்கம் வரக்கூடாது என்பது பட்டறையின் வழக்கம். முதலாளிக்கு என்னை நேரில் கேட்கக் கூச்சம். குப்பத்திலிருந்து வேலைக்கு வருகிறவளை அனுப்பினார். தினமும் என்னோடு சேர்ந்து சாப்பிடுகிறவள் அவள்.

"கோச்சுக்காத அக்கா. வூட்டு வெலக்குல இருக்கசொல்ல தொட்டில கை வெச்சியான்னு சாரு கேக்க சொன்னாரு."

முதலாளியின் அறைக்குக் கேட்கும்படியே பதில் சொன்னேன்.

"எனக்குக் கர்ப்பப்பையே இல்ல. செங்கல்பட்டுல ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு. அப்போ ரசஞ்சாதம் கொண்டாந்து குடுத்தவ நீதானே, மறந்துட்டியா?"

தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதாங் காரணம்ன்றாரு அக்கா. தொட்டின்னா வயிறு மாதிரியாம். வயிறு காலியா கீறவ கை வெச்சா தங்காதாம். உன்ன பில் போட ஒக்கார சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது? எனக்கும் வேல வேணும்ல."

அவள் மேல் எனக்கு வந்த கோபம் முதலாளி மேல்கூட வரவில்லை.

நான் பில் மேசைக்குப் போன அந்த வாரமே தொட்டி தேறிவிட்டது. நான் போட்ட வெல்லம்தான் வேலை செய்தது. முதலாளி ஈரத் துணி ஒன்றை ஏந்திக்கொண்டு என் மேசைக்கே ஓடிவந்தார். பச்சை நிறம் அவர் கையிலேயே நீலமாகிக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா? நீ கைய எடுத்த, தொட்டி பொழச்சிக்கிச்சு."

குத்திக்காட்டவில்லை அவர். மனதார நம்பித்தான் சொன்னார்.