மொட்டைத் தலையின் ஒரிஜினல் கலர்

ஈரச் சந்தனம் மணந்தால் மற்றவர்களுக்கு முருகன் நினைவுக்கு வருவான். எனக்கு இரண்டு மொட்டைத் தலைகள்.

ஒரே பயணத்தில் இரண்டு காரியம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மலைமேல் முடி இறக்கி வேண்டுதலைத் தீர்த்துவிட்டு, இறங்கிய கையோடு பெண்ணும் பார்த்துவிடுவார்கள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரக்கோணத்துக் குடும்பம் ஒன்று அப்படித்தான் என் அக்கா வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. அப்பா, அம்மா, பிள்ளை. ஆண்கள் இருவரும் மொட்டை. சந்தனம் இன்னும் காயவில்லை. மின்விசிறி சுற்றச் சுற்ற வீடே மணத்தது.

பெண், அக்காவின் மகள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தோலின் நிறத்தை ஆராய்கிறாள். தோல் செல்லுக்குள் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பது அவள் தொழில். எங்கள் தெரு அதை, "செவப்பாக்குற மருந்து கண்டுபுடிக்குது" என்று புரிந்துவைத்திருந்தது. அவள் லீவில் வந்தால் போதும், வாசலில் நாலு பேர் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அவள் நல்ல கருப்பு. அந்தப் பையனோடு சில மாதங்களாக மின்சார ரயிலில் பேசிப் பழகியிருந்தாள். காலையிலேயே என்னை எச்சரித்துவிட்டாள்: "மாமா, எனக்கு அவன புடிச்சிருக்கு. இது நடக்கணும். நீ வாய வச்சிகினு சும்மா இரு."

இருந்தேன். கருப்பு நிறத்தைக் கவிதையில் பக்கம் பக்கமாகப் பாடியவன்தான். அவர்களுக்கு அனுப்பிய போட்டோவை ஸ்டூடியோவில் கொஞ்சம் வெளுக்கச் சொன்னவனும் நானேதான்.

காபி வந்தது. பையனின் அம்மா பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோல கலராத் தெரிஞ்சிச்சே."

பிறகு எழுந்து, மகன் தலையில் ஓரிடத்துச் சந்தனத்தை முந்தானையால் துடைத்துக் காட்டினார். "இத பாருங்க. வெயில்ல அலைஞ்சி மூஞ்சிதான் கருத்துகினு கீது. எங்க ஒரிஜினல் கலரு இதான்."

நெற்றிக்கு மேல் கோடு கிழித்தாற்போல் இரண்டு நிறம். நடுவில் ஒரு செக்போஸ்ட் வைக்கலாம்.

"ஏம்மா, நீதான் கலரு ஆராய்ச்சி பண்ணிகினுகீறியே. பொறக்கற கொழந்த இந்தத் தல கலர்ல வர்ற மாதிரி ஏதாச்சும் பண்ணேன்."

அக்கா என் காலை மிதித்தாள். பெண் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

"அத்த, அவரு மூஞ்சிலயும் தலையிலயும் இருக்கறது ஒரே மரபணுங்கதான். தலைக்கு முடி நெழல் குடுத்துது, அங்க அதுக்கு வேல கம்மி. மூஞ்சில வெயில் பட்டுகினே இருந்துது, அங்க மரபணுங்க மெலனின் செய்யி செய்யின்னு ஓயாம உத்தரவு போட்டுகினே இருந்துது. வெயில் உள்ள பூந்து கெடுக்காம காப்பாத்தறதே அந்த மெலனின் கருப்புதான். நான் அந்த உத்தரவுங்கள எண்ணிகினு கீறேன், அவ்ளோதான். கொஞ்ச நாள் வெயில்ல சுத்தட்டும், தலையும் மூஞ்சி மாதிரி ஆயிடும்."

"அப்ப உனுக்கு?"

"மெலனின் செய்யற செல்லுங்க உங்களுக்கும் எனுக்கும் ஏறக்கொறைய ஒரே எண்ணிக்கைதான் அத்த. எங்கிட்ட நல்லா ஒழைக்குது."

பையனின் அப்பா பக்கென்று சிரித்துவிட்டார். மனைவி திரும்பியதும் காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"ஒழைக்கட்டும். ஏதோ ஊசி கீதாமே, போட்டா செவந்துடுமாம். போட்டுக்கிறேன்னா சொல்லு, தேதி பாக்கலாம்."

பெண் பையனைப் பார்த்தாள். கூடமே அவனைப் பார்த்தது. அவன் தலையைத் தடவினான். தடவிக்கொண்டே இருந்தான். உள்ளங்கை முழுக்கச் சந்தனம். மிக்சர் தட்டு, மின்விசிறி, சும்மா இருப்பதில் தேர்ந்த நான், எல்லாரும் காத்திருந்தோம்.

"போட்டுக்க மாட்டேன் அத்த," என்று அவளே சொன்னாள்.

அவர்கள் எழுந்துவிட்டார்கள். பெற்றோர் ஆட்டோவில் ஏறிய பிறகு, பையன் மட்டும் செருப்பு மாட்டும் சாக்கில் வாசலில் பின்தங்கி அவளிடம் சொன்னான். "அம்மா அப்டித்தான், தெரியும்ல? வீட்டுக்குப் போயி நான் பேசிக்கறேன்."

"இங்கியே பேசியிருக்கணும் நீ. போ, ஆட்டோ நிக்குது."