ஆனையிறவில் தளர்ந்த போல்ட்

மாமிக்கு யாழ்ப்பாணத்தில் கண் சத்திரசிகிச்சை. காலை பத்து மணிக்குள் வார்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முதல்நாள்தான் எங்கள் பழைய காரின் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகுவதைக் கண்டேன். பெல்ட்டைச் சுழற்றும் புல்லிக்குப் பின்னால் எண்ணெயை அடைத்து நிற்கும் சீல் போய்விட்டது. தர்மபுரத்து வீட்டு முற்றத்திலேயே முன்சில்லையும் புல்லியையும் கழற்றி, புதுச் சீல் போட்டேன்.

புல்லியைப் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள ஒரேயொரு போல்ட். அதை இறுக்கும்போது எஞ்சின் சேர்ந்து சுழலக்கூடாது. காரைக் கியரில் விட்டு, பிரேக்கையும் அமத்த வேண்டும். மனைவியை உள்ளே இருத்தினேன்.

"இஞ்சேருங்கோ, கியர் நியூட்ரலில எல்லோ நிக்குது?"

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. "கியரிலதான் நிக்குது. நீர் பிரேக்கை அமத்தும்" என்றேன். எட்டிப் பார்க்கவில்லை.

போல்ட் இறுக்கும் சாவியில் நீளக் குழாயைக் கொழுவி இழுத்தேன். கனமாகத் திரும்பி ஓரிடத்தில் நின்றது. போதும் என்று எழுந்துவிட்டேன். ஆனால் சாப்பிடும்போதும் அந்த இழுப்பு கையில் உறுத்திக்கொண்டே இருந்தது. இறுகிய போல்ட் அப்படி மெத்தென்றா நிற்கும்?

காலையில் காரில் ஏறிக் கியர்த்தண்டைத் தொட்டேன். அது தொளதொளவென்று ஆடியது. நியூட்ரல். மனைவி இறங்கும்போது கை பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மாமியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பரந்தன் வரை எதையும் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு ஓட்டினேன். றேடியோவை நிறுத்தினேன். மனைவி ஏதோ கேட்டாள், "கொஞ்சம் கதைக்காமல் இரும்" என்று பாய்ந்தேன். ஆனையிறவு உப்பளம் தெரிந்த இடத்தில் முன்பக்கம் கடகடத்தது. பற்றறி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஓரங்கட்டிப் பார்த்தால், புல்லி ஒரு பக்கம் சரிந்து நின்றது. போல்ட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது.

"நீர் சொன்னது சரி. நியூட்ரலிலதான் நிண்டிருக்கு. போல்ட் இறுகேல்ல, எஞ்சின்தான் சேர்ந்து சுத்தியிருக்கு" என்றேன். அவள் கைகாட்டி யாழ்ப்பாண பஸ்ஸை மறித்தாள். இருவரையும் ஏற்றிவிட்டேன். எட்டேகால்.

முச்சக்கரவண்டி பிடித்துப் பரந்தனுக்குத் திரும்பினேன். கராஜ்காரர் இறுக்கத்தை அளக்கும் அளவுச் சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு தானே மோட்டார்சைக்கிளில் என்னைக் காரடிக்குக் கூட்டிவந்தார். புல்லி பழுதாகவில்லை. போல்ட்டின் புரியைத் துடைத்துச் சொட்டு எண்ணெய் விட்டார். ஐந்தாம் கியரைப் போட்டுப் பிரேக்கில் ஏறி நின்றுகொண்டு, "இப்ப நீங்களே இறுக்குங்கோ. சாவி 'டிக்' எண்டால் விடுங்கோ. அதுக்கு மேல ஒரு பொட்டும் வேண்டாம்" என்றார்.

எஞ்சின் அசையவில்லை. தோள் நோக இழுத்தேன். டிக்.

அவர் போன பிறகும் வழியில் இரண்டு தடவை இறங்கிப் பார்த்தேன்.

வார்ட்டுக்குப் போனபோது பின்னேரமாகிவிட்டது. மாமி ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தா. நேரத்துக்கே வந்துவிட்டார்களாம், எல்லாம் நல்லபடி முடிந்ததாம்.

"தம்பி, பரந்தனிலேயே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது" என்றா மாமி.

"ஏன் மாமி சொல்லேல்ல?"

"நீங்கள் ஒருத்தரையும் கதைக்க விடேல்லையே."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.