அண்ணை தந்த ரூட்டர்

போன வெள்ளிக்கிழமை, கல்லூரியில் கிடைத்த இடத்தை இணையத்தில் உறுதிசெய்ய மகள் அபி உட்கார்ந்தாள். அன்றுதான் கடைசி நாள்.

“அம்மா, இஞ்ச வாங்கோ. பேஜ் அதேதான்... ஆனா பாதுகாப்பில்லை எண்டு சொல்லுது.”

முகவரியைச் சரியாகத்தான் அடித்திருந்தாள். கல்லூரியின் பெயர், சின்னம் எல்லாம் இருந்தன. பாஸ்வேர்ட் கேட்டது. நல்லவேளை, கொடுக்கவில்லை! வைஃபையை நிறுத்திவிட்டு போன் டேட்டாவில் போனாள் — உண்மையான பக்கம் வந்தது. இடம் தப்பியது. உடனே என் அண்ணைக்குப் போன் செய்தேன்.

அண்ணை பக்கத்து ஊரான புரோசார்டிலிருந்து ஓடி வந்தார். நெட்வொர்க் வேலைதான் அவருக்கு.

“உன்ர ரூட்டருக்குள்ள ஆரோ பூந்திட்டான்.”

“என்ர ரூட்டரோ? நீங்கள் தந்ததுதானே அண்ணை!”

ஆமாம். அவர் புதிது வாங்கியபோது பழையது எங்களுக்கு வந்தது. இங்கே குடியேறிய எங்கள் ஆட்கள் அப்படித்தானே? விண்டர் ஜாக்கெட், ரைஸ் குக்கர், சோபா... எல்லாம் கைமாறும்.

அண்ணை விளக்கினார்: நாம் அடிக்கும் தளப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்டுத் தர ரூட்டருக்குள் ஒரு மென்பொருள் உண்டு. வரும் பதிலை குறித்த அளவுள்ள ஓர் இடத்தில் அது எழுதும். பதில் நீளமாக வந்தால்? அளந்து பார்ப்பதில்லையாம்! மிச்சம் பக்கத்து நினைவகத்தில் வழியும். அந்த மிச்சத்தில் ஒருவன் தன் கட்டளைகளை வைத்து அனுப்பினால் ரூட்டர் அவன் கையில். பிறகு எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று அவன்தான் சொல்வான். அபிக்குப் போலிப் பக்கம் வந்தது அப்படித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் எந்தப் படிவத்திலாவது எங்கள் பெயர்கள் முழுதாக அடங்கியிருக்கின்றனவா? கட்டம் முடிந்ததும் வெட்டிவிடுகிறார்கள். எங்கள் பெயரை அளக்கத் தெரிந்த உலகத்துக்கு, முன்பின் தெரியாதவன் அனுப்பும் பதிலை அளக்கத் தெரியாதா?

அந்த மென்பொருளுக்குத் திருத்தம் எப்போதோ வந்துவிட்டதாம். எங்கள் ரூட்டருக்கு மட்டும் வரவில்லை. ரூட்டர் கம்பனிக்குப் போன் செய்தேன். பழைய மாடல் மேடம், புதிது வாங்குங்கள் என்றார்கள். பிழை உங்களுடையது, செலவு என்னுடையதா? “மெர்சி, போன் ஜூர்னே” — பிரெஞ்சில் நன்றியும் நல்ல நாளும் சொல்லி வைத்துவிட்டார்கள். நல்ல நாளாம்!

புதிது வாங்கிப் பொருத்தினோம். கணவர் பழையதைத் துடைத்து, யாருக்காவது கொடுக்க எடுத்துவைத்த விண்டர் ஜாக்கெட்டுகள் இருந்த பெட்டிக்குள் வைத்தார்.

“செயின்ட்-மிஷேலுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. அவையளுக்குக் குடுப்பம். லைட் எல்லாம் எரியுதுதானே?”

“அவையளுக்கும் பிள்ளையள் இருக்கினம்” என்றேன்.

வெளியே எடுத்து, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. நல்ல சாமானை உடைத்துவிட்டேன் என்று இவருக்கு இன்னும் கோபம்.

அந்தக் குடும்பத்துக்கு ஜாக்கெட்டுகள் மட்டும் போயின. ஜாக்கெட்டுக்கு எந்தக் கம்பனியும் திருத்தம் அனுப்ப வேண்டியதில்லையே!