கோட்டையின் வெள்ளை மூலை

1. முதல் நாள்

பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் திணைக்களத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை காவலாளர் வேலை. அறுபதுகளின் தொடக்கம். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் குடியேற்றக் காணி எடுத்த குடும்பம். வயலை அண்ணன்மார் பார்த்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருந்த எனக்கு நியமனம் வந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரை என்றதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "மரக்கறி திண்டு வளந்த பிள்ளை, அங்க போய் என்னத்தைச் சாப்பிடும்?" என்பதுதான் அவருடைய கவலை.

பரந்தனில் பஸ் மாறி, சைக்கிளைப் பஸ்ஸின் மேல் கட்டிக்கொண்டு போய் இறங்கினேன். நான் காக்கவேண்டியது ஒல்லாந்தர் காலத்துப் பண்டசாலை ஒன்றின் இடிபாடு. ஊரவர்கள் அதைக் கோட்டை என்பார்கள். கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லால் கட்டிய சதுரம், கூரை இல்லை. மூன்று மூலைகள் இடிந்து இடுப்பளவுக்கு வந்துவிட்டன. கடலைப் பார்த்த மூலை மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்கு யாரோ வெள்ளை அடித்திருந்தார்கள்.

உள்ளே போனேன். சுவரில் வலைகள் காய்ந்தன. ஓர் ஓரத்தில் ஆடுகள் படுத்திருந்தன. நடுவில் பாய் விரித்து ஒரு பெண் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவர்தான் பிலோமினா அக்கா. வள்ளங்களும் வலைகளும் வைத்து ஆட்களைக்கொண்டு தொழில் நடத்திய சூசைப்பிள்ளைச் சம்மாட்டியாரின் மனைவி.

"ஆர் தம்பி நீர்?"

"இந்தக் கோட்டைக்குக் காவலுக்கு வந்திருக்கிறன்."

அவர் நிமிர்ந்து சுற்றிவரப் பார்த்தார். "ஆரிட்ட இருந்து காக்கப் போறீர், எங்களிட்ட இருந்தோ?"

எனக்குத் தந்திருந்த கட்டளை கிட்டத்தட்ட அதுதான். மனிதர், விலங்கு, வலை எதுவும் உள்ளே இருக்கக்கூடாது.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அது கிடக்கட்டும். சாப்பிட்டீரோ?"

"நான் சைவம், அக்கா."

"அதுக்கென்ன. குசினியில மீன் படாத சட்டி ஒண்டு கிடக்கு. பருப்பும் சோறும் வைக்கிறன்."

அந்தச் சட்டி அன்று முதல் எனக்கென்று ஒதுக்கப்பட்டது. வேறு யாரும் அதைத் தொட்டால் அக்கா ஏசுவார்.

2. பார்க்க வந்தவர்கள்

பருப்பைத் தின்றுகொண்டே ஆட்களைத் துரத்துவது சுலபமான காரியமல்ல. மெல்ல மெல்லத்தான் செய்தேன். வெளியே பூவரசந் தடி நட்டு ஆடுகளுக்கு ஒரு பட்டி அடைத்துக் கொடுத்தேன். ஆடுகள் போயின. கருவாடு கடற்பக்கத்து மணலுக்குப் போனது. வலைகள் மட்டும் வெளிச்சுவரிலேயே தொங்கின. அதை நான் கண்டும் காணாமல் விட்டேன்.

மற்றபடி என் வேலை, சுவர் வெடிப்பில் முளைக்கும் ஆலங்கன்றுகளை வேரோடு எடுப்பது, புல் செருக்குவது, வருகிறவர்களுக்கு இடத்தைக் காட்டுவது. வருகிறவர்கள் குறைவு. எப்போதாவது ஒரு கார் புழுதியோடு வந்து நிற்கும். இறங்கி ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய கட்டடம் இன்னும் அங்காலே இருக்கிறதாக்கும் என்று நினைத்து நிற்பார்கள்.

ஒருநாள் கொழும்பிலிருந்து ஒரு டொக்டரும் மனைவியும் வந்தார்கள். தமிழர்கள். டொக்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவுதானோ?"

"ஓம் ஐயா. இவ்வளவுதான் மிச்சம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். "உண்மை சொல்லுற ஒராளை இப்பதான் கண்டிருக்கிறம். மற்ற இடமெல்லாம் ராசா, ராணி, சுரங்கம் எண்டு கதை விட்டவங்கள்."

பிறகு நான் கேள்விப்பட்டிருந்ததைச் சொன்னேன். வன்னிக்குள்ளிருந்து வண்டிகளில் வந்த நெல்லும் மரமும் இங்கேதான் இறங்கின. கப்பல் தூரத்தில் நிற்கும், வள்ளங்கள் ஏற்றிக்கொண்டு போகும். வாசலில் வண்டிச் சில்லுகள் தேய்த்த இரண்டு தடங்களைக் காட்டினேன். டொக்டர் குந்தியிருந்து அந்தத் தடங்களைக் கையால் தடவிப் பார்த்தார். பிலோமினா அக்கா பனங்கட்டியோடு தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் சாயும்வரை அவர்கள் போகவில்லை. அந்த அம்மா நிறையப் படம் எடுத்தார்.

காரில் ஏறும்போது டொக்டர் சொன்னார்: "நல்ல இடம், தம்பி. அந்த வெள்ளை அடிச்ச மூலைதான் படத்தைக் கெடுக்குது."

அவர் எங்கள் மேலதிகாரி இராசநாயகம் ஐயாவின் நண்பர் என்பது எனக்குத் தெரியாது. ஊர் திரும்பி, இடத்தைப் புகழ்ந்து சொன்னவர் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

3. சுரண்டச் சொன்ன உத்தரவு

சில நாட்களில் உத்தரவு வந்தது. புராதனச் சுவரில் பூசியிருக்கும் வெள்ளையை முழுவதும் சுரண்டி எடுக்கவேண்டும். அடுத்த மாதம் வெளிநாட்டு விருந்தினர் சிலரைத் திணைக்களம் அழைத்து வருகிறது. அதற்கு முன் முடிக்கவேண்டும். என் வேலை தற்காலிகமானது. நிரந்தரமாக்குவதற்கு இராசநாயகம் ஐயாதான் சிபாரிசு செய்யவேண்டும்.

அதுவரை நான் அந்த வெள்ளையைப் பெரிதாக நினைக்கவில்லை. கோட்டைக்குப் பின்னால் இருக்கும் கத்தோலிக்கக் கோயிலின் பெருநாளுக்கு அடிக்கிறார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். விசயத்தை அக்காவிடம் சொன்னேன். அவர் வீட்டுக்குள் போய்ச் சம்மாட்டியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சம்மாட்டியார் அதிகம் கதைக்காத மனிதர். மணலில் விரலால் கீறிக் காட்டினார்.

"இது கரை. இது தண்ணிக்குள்ள கிடக்கிற கல்லுப்பார். பாருக்கு நடுவில வள்ளம் பூர ஒரே ஒரு வழிதான் இருக்கு. வெளியில இருந்து வரேக்க, இந்த வெள்ளை மூலையும் கோயில் சிலுவையும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நேராய் நிக்கவேணும். நிண்டால் வழி. விலகினால் கல்லு."

"வேற அடையாளம் இல்லையோ?"

"கரை முழுக்கப் பனையும் மணலும். வெளியில நிண்டு பாத்தால் எல்லாம் ஒண்டு போலதான்."

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஒரு வருசம் மாரி நீண்டு போச்சுது. வெள்ளை அடிக்கேல்லை. பழசும் மழையில கழுவுப்பட்டுப் போச்சு. அந்த வருசந்தான் என்ர தம்பி பாரில ஏறினவன். வள்ளம் ரெண்டாய்ப் போச்சு. ஆளை மூண்டாம் நாள்தான் எடுத்தது."

சுரண்டாதே என்று அவர் சொல்லவில்லை. பின்னேரம் வழக்கம்போல என் சட்டியில் சோறு வந்தது.

நான் சுரண்டவில்லை. காரணத்தை எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒருநாள் காலை ஜீப் வந்து நின்றது.

4. வள்ளத்தில்

இராசநாயகம் ஐயா மெலிந்த மனிதர். காக்கிக் காற்சட்டை, வெயில் தொப்பி. பழைய கல் ஒன்றைக் கண்டால் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவார். கோபமும் அப்படியே உடனே வரும். ஜீப்பில் இருந்து இறங்கியதும் வெள்ளை மூலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் எழுதினது விளங்கேல்லையோ?"

"விளங்கினது, ஐயா. நான் சுரண்டேல்லை."

"கிழிச்சுப் போடாமல் உம்மட கடிதத்தையும் வாசிச்சனான். அதுக்காக நாட்டில இருக்கிற பழைய சுவருக்கெல்லாம் அவரவர் தேவைக்கு வெள்ளை அடிக்க விடலாமோ?"

"ஒருக்காக் கடலில நிண்டு பாருங்கோ, ஐயா. அதுக்குப் பிறகும் சுரண்டத்தான் வேணுமெண்டால் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். "வள்ளம் இருக்கோ?"

பாய் பிடிக்க ஒருவனையும் கூட்டிக்கொண்டு சம்மாட்டியார் தானே வந்தார். பாய் விரித்துப் போனோம். பாரைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. ஐயா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைச் சாப்பாடு முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார். நானும் கொடுத்தேன். சம்மாட்டியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையும் காணாதவர் போல இருந்தார்.

நன்றாக வெளியே போனபின் வள்ளத்தைத் திருப்பினார்கள். கரை ஒரு மங்கல் கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

"அதோ அதுதான், ஐயா" என்றார் சம்மாட்டியார். "இப்ப சிலுவை அதுக்கு இடப்பக்கம் தெரியுது. கொஞ்சம் பொறுங்கோ, கிட்ட வரும்."

ஐயா முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்து நிற்கப் பார்த்தார். நான் பிடித்துக்கொண்டேன். சிலுவை மெல்ல நகர்ந்து வெள்ளைக்கு நேரே வந்தது. வள்ளம் உள்ளே பூர்ந்தது. இரண்டு பக்கமும் கல்லில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கிடந்தது. கையை நீட்டினால் தொடலாம் போலிருந்தது.

கரை சேர்ந்ததும் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர், "இன்னொருக்கால் போவம்" என்றார். இரண்டாம் முறை அவர் வாந்தி எடுக்கவில்லை. பாய் பிடித்தவனுக்கு அவரே சொன்னார்: "இப்ப நேர் வருது. இப்ப விடும்."

திரும்பி வந்து வெள்ளை மூலையடியில் குந்தினார். பேனாக்கத்தியால் ஓர் ஓரத்தைச் சிறிதாகச் சுரண்டினார். வெள்ளைக்குக் கீழே இன்னொரு வெள்ளை. அதற்குக் கீழே மஞ்சள் பிடித்த இன்னொன்று. மரப்பட்டை போல அடுக்கடுக்காக வந்தது. எழுந்து போய் மற்ற மூன்று மூலைகளையும் தடவிப் பார்த்தார். அங்கே கல் கைபட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"இந்த மூலை மட்டும் ஏன் நிக்குது எண்டு இப்பதான் தெரியுது" என்றார். "உப்புக்காத்து சுண்ணாம்பைத் தின்னுது. அதாலதான் கல்லுத் தப்பியிருக்கு. வருசா வருசம் நீங்கள் புதுசு பூசுறியள்."

பிறகு சம்மாட்டியாரிடம் கேட்டார்: "என்ன சுண்ணாம்பு?"

"சிப்பி சுட்ட சுண்ணாம்பு, ஐயா. வாற வருசம் சீமெந்தும் கலந்து பாப்பம் எண்டு பொடியள் கதைக்கிறாங்கள். மழைக்கு நிக்குமாம்."

"சீமெந்து மட்டும் வேண்டாம். முருகைக்கல்லுக்கு அது நஞ்சு. உள்ளுக்குள்ள ஈரத்தைப் பூட்டி வைச்சு உடைச்சுப் போடும். உங்கட மூலையும் போகும், என்ர சுவரும் போகும்."

சம்மாட்டியார் தலையசைத்தார். "அப்ப சிப்பிதான்."

பிலோமினா அக்கா எலுமிச்சந் தண்ணீர் கொண்டுவந்தார். ஐயா ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு கிளாஸ் கேட்டார்.

5. விருந்தினர்

வெளிநாட்டு விருந்தினர் வந்தபோது வெள்ளை மூலை அப்படியே இருந்தது. கடல் அன்று குளம் போலக் கிடந்தது. விரும்பியவர்களை ஐயா வள்ளத்தில் ஏற்றினார். "கரையில நிண்டால் இது இடிஞ்ச சுவர். அங்கயிருந்து பாத்தால்தான் இது என்னத்துக்கு நிக்குதெண்டு விளங்கும்" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அவர்களுக்கு இங்கிலீசில் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நானும் அப்படியே காட்டினேன். இவ்வளவுதானோ என்ற கேள்வி குறைந்துபோனது.

அடுத்த வருடம் மாரி முடிந்து, வெள்ளை அடிக்கிற நாளில் ஐயா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். சொந்தத் தூரிகை கொண்டுவந்திருந்தார். ஏணியில் ஏறி மத்தியானம் வரை அடித்தார். கீழே நின்று அக்கா வேலை வாங்கினார்.

"ஐயா, உங்கட கைப்பக்கம் ஒரு துண்டு விட்டுட்டியள்."

"எங்க?"

"மேல. அதில்லை, இன்னும் மேல. கடலில இருந்து பாக்கிறவைக்கு அதுதானே முதல்ல தெரியும்."

ஐயா இன்னொரு படி ஏறி அதையும் அடித்தார். இறங்கியபோது தொப்பி, மீசை, சப்பாத்து எல்லாம் வெள்ளை. ஊர்ப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றைக்குத்தான் என் வேலை நிரந்தரமான செய்தியையும் சொன்னார்.

6. கற்றது

பிறகு வவுனியாப் பக்கம் மாற்றலானேன். கேணிகள், குளக்கட்டுத் தூண்கள், பாழடைந்த மடங்கள் என்று பல இடங்களைப் பொறுப்பெடுத்தேன். காவலாளராகத் தொடங்கியவன் பின்னாளில் மேற்பார்வையாளனாக ஓய்வுபெற்றேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது, வெடிப்பை எதால் அடைப்பது, மரவேரை எப்படி எடுப்பது என்பவற்றைத்தான். அதெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் நான் அவர்களுக்கு முக்கியமாகச் சொல்வது இது: ஓர் இடத்துக்குப் போனால் முதலில் அயலில் இருக்கிற வீடுகளுக்குப் போங்கள். தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். "இது உங்களுக்கு என்னத்துக்கு உதவுது?" என்று கேளுங்கள்.

ஒருவர் ஆடு கட்ட என்பார். ஒருவர் நெல் காயவைக்க, ஒருவர் விளக்கு வைக்க என்பார். அதில் சிலதைத் தடுக்கவேண்டி வரும். சிலதை மாற்றிக் கொடுக்கலாம். சிலதை அப்படியே விட்டால்தான் கட்டடம் நிற்கும். அவர்களோடு கதைத்து ஒரு வழிக்கு வரலாம்.

நான் பயந்தது வேறொரு பதிலுக்கு. "ஒண்டுக்கும் உதவாது, தம்பி, சும்மா கிடக்குது" என்று எந்த ஊரில் சொன்னார்களோ, அந்த ஊருக்குத்தான் காவலாளர் ஒருவரை உடனே போடவேண்டும் என்று எழுதினேன். அங்கே சுவரைக் கவனிக்க வேறு யாரும் இல்லை. அடிக்கடி போய்ப் பார்த்ததும் அங்கேதான்.