அப்பாவின் முதல் சவரக் கத்தி

ஷிப்டு முடிந்து வந்த பேரன் ஒரகடம் சலூனில் உட்கார்ந்தான். வாசலில் நின்ற எனக்குக் கத்தியை மடக்கும் ‘டக்’ சத்தம் கேட்டதும் அப்பா நினைவு வந்தது.

என் சிறு வயதில், ஊரில் இருந்த ஒரே சவரக் கடையில் எங்கள் தெரு ஆண்களை உட்காரவிடமாட்டார்கள். அதனால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் சந்தைக்குப் போய், சொந்தமாகக் கத்தி கேட்டார்.

“உனுக்கு இன்னாத்துக்குபா கத்தி?” என்றான் கடைக்காரன்.

“மூஞ்சி என்னுது. நானே வழிச்சிக்கிறேன், எடு.”

அவன் மூன்று கத்திகளை வைத்தான். “எதும்மா நல்லாகீது?” என்று அப்பா என்னைக் கேட்டார். நான் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். கறுப்புப் பிடி போட்டதுதான் அறுத்தது. அதையே வாங்கினார்.

மறுநாள் தாடையில் இரண்டு வெட்டு. “கறிக்கடையாட்டம் கீதுய்யா உன் மூஞ்சி!” என்று அம்மா சிரித்தாள். அப்பா அந்த முகத்தோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அந்தச் சவரக் கடை முன்னால் மூன்று தடவை நடந்தார்.