ஜாடி யாரைத் தள்ளியது?

பர்மாவில், பசுந்தாங் பேட்டையில் எங்கள் வகுப்பறைக்குத் தேக்குத் தூளின் வாசனை உண்டு... பக்கத்திலேயே சீனத் தச்சர் ஒருவரின் பட்டறை. காற்று திரும்பினால் கரும்பலகையில்கூட மரத்தூள் படியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், பட்டம் வாங்கிய கையோடு அங்கே சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போனேன். எல்லாரும் தமிழ்ப் பிள்ளைகள். தச்சரின் ஆறு வயது மகள் ஆ மேய் மட்டும் சீனக் குழந்தை. விளையாட்டிலேயே தமிழ் கற்றவள்.

ஒருநாள் தலைமையாசிரியை ஞானம்மாளின் பூஜாடி உடைந்து கிடந்தது. அருகில் ஆ மேய் நின்றாள்.

“எப்படிடி உடைஞ்சுது?” என்றார் ஞானம்மாள்.

“ஜாடி தள்ளி விழுந்து, சயாமா.” பர்மாவில் ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள்.

வகுப்பே சிரித்தது. “ஜாடி யாரைடி தள்ளிச்சு?” என்றாள் முன்வரிசை ரோஸி.

ஞானம்மாள் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “பழியை ஜாடி மேலயே போடுது பாருங்க. இப்படிப் பொய் சொல்ற பிள்ளை இங்க வேணாம். நாளைக்கு அப்பனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

எனக்கு அது பொய்யாகப் படவில்லை. முந்தின வாரம் இதே குழந்தை, “நாற்காலி உதைச்சு சாய்ஞ்சு” என்றது நினைவுக்கு வந்தது. உதைத்தவள் அவளே. என் கண்ணெதிரில்தான் உதைத்தாள்; மறைக்க அதில் ஒன்றுமில்லை.

“யார் தள்ளி?” என்று அவள் பேச்சிலேயே கேட்டேன்.

“நான் தள்ளி,” என்றாள் உடனே.

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

ஞானம்மாள் குனிந்து ஜாடிச் சில்லுகளைப் பொறுக்கினார். பிறகு, “தள்ளி நிக்கச் சொல்லுங்க, காலைக் கிழிச்சுக்கப் போவுது,” என்றார். அப்பனை அழைக்கும் பேச்சு அதோடு போயிற்று.

ஒரு குழந்தையை வைத்து ஒரு மொழியை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. பட்டறை வாசலில் விளையாடும் மற்றச் சீனப் பிள்ளைகளின் தமிழையும் கவனித்தேன். ஆணி அடிச்சு வளைஞ்சு... துணி இழுத்துக் கிழிஞ்சு... செய்ததும் ஆனதும் ஒரே மூச்சில். தச்சரிடம் விசாரித்தேன். “எங்க பேச்சுல தள்ளு-விழு ஒரே சொல்லு,” என்று சிரித்தார்.

எங்கள் பிள்ளைகளோ, “உடைஞ்சு போச்சு, சயாமா” என்பார்கள். எது பட்டு உடைந்தது என்றுகூட அதில் இராது. அதைப் பொய் என்று ஞானம்மாள் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அந்தப் பள்ளியும் இல்லை, பட்டறையும் இல்லை. சண்டையில் குண்டு விழுந்த தெரு அது. போன வாரம் அந்த வழியாகப் போனபோது, பழைய வெற்றிலைக் கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார்.

“எல்லாம் இடிஞ்சு போச்சும்மா,” என்றார். நானும் தலையாட்டினேன்.

ஆ மேய் எங்கே இருக்கிறாளோ... அவளாக இருந்தால் அப்படி விட்டிருக்க மாட்டாள். “குண்டு போட்டு இடிஞ்சு” என்றிருப்பாள். யார் போட்டு என்று நாம்தான் கேட்க வேண்டும்.